யாருக்கு எந்தப் பாட்டு?



ஆண்டு விழா மெல்லிசை நிகழ்ச்சிக்காக, "உங்கள் வீட்டு விருப்பப் பாட்டு எது?" என்று கேட்டு கலை நிகழ்ச்சிக் குழு அனுப்பிய படிவம் உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். சிலர் உடனே நிரப்பியிருப்பீர்கள். ஒன்றுக்குப் பத்தாக எழுதியவர்களும் உண்டு. பலர், "நாம எழுதினா மட்டும் பாடிடப் போறாங்களா" என்று நகர்ந்திருப்பீர்கள். எந்த வளாகத்திலும் இதுதான் வழக்கம். நாலைந்து வீட்டுப் பட்டியல் மொத்த வளாகத்தின் பட்டியலாகிவிடும். விழா முடிந்தபின் லிஃப்டில் முணுமுணுப்பு கேட்கும்.

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஆனால் விழாவில் எந்தப் பாட்டு, யார் கேட்டு, யார் பாடுவது என்ற கேள்விக்கு நம் நாட்டில் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அது கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்காகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், வழக்கு நடத்தியிருக்கிறார்கள், ஒரு வானொலிச் சேவையே தொடங்கியிருக்கிறார்கள். படிவத்தை நிரப்பும் முன் அந்தக் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

திருமுக்கூடல் கல் சொல்வது

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் பழையசீவரம் வந்து, பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் என்பதால் இந்தப் பெயர். வருடத்தில் பெரும்பாலான நாள் ஆற்றில் மணல்தான் தெரியும். கரையில் வேங்கடேசப் பெருமாள் கோயில்.

அந்தக் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. கல்வெட்டு சுமார் 1068-ஐச் சேர்ந்தது. கே.வி. சுப்பிரமணிய அய்யர் இதை 'எபிகிராபியா இண்டிகா' 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். இங்கே வேதமும் இலக்கணமும் கற்பித்த பள்ளி, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்ற ஆதுலசாலை எல்லாம் இருந்தன என்பதை இந்தக் கல்லிலிருந்துதான் அறிகிறோம். ஆதுலசாலை என்றால் மருத்துவமனை.

இது புகழ் பாடுவதோடு நிற்காத கல்வெட்டு. நம் சங்கப் பொருளாளர் பார்த்தால் மகிழ்ந்துபோகும் வரவு செலவுத் திட்டம் இது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு இவ்வளவு, மூலிகை கொண்டுவரும் இருவருக்கு இவ்வளவு, நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவருக்கு இவ்வளவு, நாவிதருக்கு இவ்வளவு. ஓர் ஆண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் சுமார் இருபதின் பெயர்ப்பட்டியலும் உண்டு.

இதில் பாட்டு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். கல்லின் பழக்கத்தைக் கவனியுங்கள். வேண்டியது என்ன, எவ்வளவு, செய்பவர் யார், அவருக்கு என்ன கூலி என்ற நான்கையும் முன்கூட்டியே எழுதிவிடுவது அந்தப் பழக்கம். எழுதும்போது மருத்துவரோடு நாவிதரையும் விடாமல் எழுதுவது. விழாவோ நிறுவனமோ, திட்டமிடுவதன் அடிப்படை இதுதான். சோழர் இதே பழக்கத்தைப் பாட்டுக்கும் கடைப்பிடித்தார்கள். அதற்கான சான்று தஞ்சாவூரில் இருக்கிறது.

ஐம்பது பேர், மூன்று குறுணி

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் பாட 48 பிடாரர்களை நியமித்ததைச் சொல்கிறது. திருப்பதியம் என்பது தேவாரப் பாடல்கள். கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியானவரை நியமிக்க வேண்டும். பாட்டு நிற்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 12 குறுணி ஒரு கலம். நாளுக்கு மூன்று குறுணி என்றால் கால் கலம். ஆண்டுக்குச் சுமார் 91 கலம். திருமுக்கூடல் மருத்துவருக்கு 90 கலமும் காசும். இரண்டு ஊர், இடையில் ஐம்பது ஆண்டுக்கும் மேல், அளக்கும் மரக்காலும் வேறாக இருந்திருக்கலாம். ஆனாலும் பாடகரின் நெல் மருத்துவரின் நெல்லுக்கு அருகில் நிற்கிறது. "நாலு பாட்டுப் பாடுறதுக்கு இவ்வளவா" என்று இசைக்குழுவிடம் பேரம் பேசும் முன் இந்தக் கணக்கை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் அந்தப் பட்டியலில் விருப்பம் யாருடையது? அரசனுடையது. பாடியவர் பெயர் கல்லில் உண்டு; கேட்ட ஊராரின் பெயர் இல்லை. இன்ன பாட்டு வேண்டும் என்று சொல்லும் இடத்தில் கேட்பவர் வந்து நிற்க இன்னும் பல நூற்றாண்டு ஆனது.

நேரம் கேட்கும் பாட்டு

அரசன் உத்தரவு இல்லாமலேயே பட்டியலை முடிவு செய்யும் இன்னொன்று உண்டு. அது நேரம். காலையில் மருதப் பண், மாலையில் செவ்வழிப் பண் என்பது பழந்தமிழர் ஒழுங்கு. புறநானூற்றின் 149ஆம் பாட்டில் வன்பரணர் வள்ளல் நள்ளியிடம் வேடிக்கையாக ஒன்று சொல்கிறார். நீ அள்ளிக் கொடுத்ததால் எங்கள் பாணர்கள் ஒழுங்கையே மறந்துவிட்டார்கள், மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் வாசிக்கிறார்கள் என்கிறார். பாட்டு வரிசை மாறிப்போனதைப் பற்றி நம்மிடம் உள்ள மிகப் பழைய பேச்சு இதுவாகத்தான் இருக்க வேண்டும். குறையாகத் தொடங்கிப் பாராட்டாக முடிகிறது.

நேரத்துக்கு உரிய பாட்டு என்ற வழக்கம் இன்றும் போகவில்லை. சுவாமி புறப்பாட்டுக்கு நாகசுரத்தில் கம்பீர நாட்டை மல்லாரி. தாலி கட்டும் நொடியில் கெட்டிமேளம். ஊஞ்சலுக்கும் நலங்குக்கும் தனித்தனிப் பாட்டு. இவற்றை யாரும் சீட்டு எழுதிக் கேட்பதில்லை. சடங்கே கேட்டுவிடுகிறது.

திருமுக்கூடலிலேயே இதைப் பார்க்கலாம். மாட்டுப் பொங்கல் அன்று பார்வேட்டைக்குக் காஞ்சி வரதராசப் பெருமாள் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, பிறகு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் வருவார். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் வந்து சேர, ஐந்து பெருமாள்களை ஒரே இடத்தில் சேவிக்க ஊரே திரண்டுவிடும். பெருமாள் புறப்பாட்டில் முன்னால் திவ்வியப் பிரபந்தக் கோஷ்டி, பின்னால் வேதக் கோஷ்டி செல்வது வைணவ மரபு. தமிழ் முன்னே போகும்.

இப்படி முடிவான ஒழுங்கிலும் சண்டை வரும். காஞ்சி வரதராசர் கோயிலில் எந்தப் பிரிவினர் எதைச் சொல்லித் தொடங்குவது என்பதற்காக வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பது நம் வேலை அல்ல. விழாவில் தன் பாட்டு ஒலிப்பது, 'இங்கே நானும் இருக்கிறேன்' என்று சொல்வதாகும். அதனால்தான் இத்தனை பிடிவாதம்.

கேட்பவரும் மறுப்பவரும்

தஞ்சை மராட்டியர் அரண்மனையில் இசைக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் சரபோசி (1798 முதல் 1832 வரை ஆண்டவர்) அவையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வர் ஆட்டத்துக்கு உரிய பாடல்களை ஆக்கினார்கள். புரவலர் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்து இயற்றுவது அந்தக் கால வழக்கம். அதே காலத்தில் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் (1767–1847), அரசன் அழைத்தும் அவைக்குப் போக மறுத்தார் என்று பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. கேட்கும் உரிமை இருக்கும் இடத்தில் மறுக்கும் உரிமையும் உண்டு என்பதற்கு மக்கள் நினைவில் நிற்கும் கதை இது.

இருபதாம் நூற்றாண்டில் அரண்மனை போய் சபா வந்தது. டிக்கெட் வாங்கியவர் எல்லோரும் சின்னச் சின்னப் புரவலர் ஆனார்கள். அப்போது வந்ததுதான் சீட்டு. ஒரு துண்டுத் தாளில் ராகமோ பாட்டோ எழுதி, நாலாக மடித்து, வரிசை வரிசையாகக் கைமாற்றி மேடைக்கு அனுப்புவது. வித்துவான் பிரித்துப் பார்த்துத் தலையசைப்பார், அல்லது புன்னகையோடு சுருதிப் பெட்டியின் அருகில் வைத்துவிடுவார்.

அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967) வகுத்த கச்சேரி முறை இதற்கு நல்ல இடம் ஒதுக்கிக் கொடுத்தது. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், விரிவான உருப்படி, ராகம் தானம் பல்லவி என்று வித்துவானின் சொந்தத் திட்டம் நடக்கும். அதன்பின் வரும் துக்கடா பகுதியில் நேயர் விருப்பம் இயல்பாகப் பொருந்தும். மேடைக்கும் சபைக்கும் ஆளுக்குப் பாதி என்ற உடன்படிக்கை போல இது அமைந்தது.

நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் (1898–1956) கதை வேறு. அவரிடம் தோடி கேட்காத ஊர் இல்லை. ஒரே ராகத்தை ஊர் ஊராகக் கேட்டார்கள். அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வாசித்தார் என்பதுதான் அவர் புகழ். ஒரே பாட்டை எல்லோரும் கேட்டால் குறை ஒன்றுமில்லை என்பதற்கு அவர் சாட்சி.

சீட்டிலேயே பெரிய சீட்டு 1941-இல் எழுதப்பட்டது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆகஸ்டில் கூடிய தமிழிசை மாநாடு, கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் பெருமளவு இடம்பெற வேண்டும் என்று கேட்டது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார், ஆர்.கே. சண்முகம் செட்டியார், டி.கே.சி., கல்கி போன்றோர் பின்னால் நின்றார்கள். மொழியைக் காரணமாக்கி இசையின் தரத்தைக் குறைத்துவிடக் கூடாது என்று மியூசிக் அகாடமி பக்கம் பதில் வந்தது. பத்திரிகைகளில் அனல் பறந்தது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. எம்.எம். தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் தமிழிலேயே முழுக் கச்சேரி செய்து காட்டினார்கள்.

இந்த விவாதத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "எனக்குப் புரியும் மொழியில் ஒரு பாட்டு" என்பது ஒரு தனி ரசிகரின் ஆசையாக இருந்தால் துண்டுத் தாளோடு போயிருக்கும். அதை ஒரு கூட்டத்தின் கோரிக்கையாக எழுதி வைத்ததால் மேடையே மாறியது.

அஞ்சலட்டைக் காலம்

அடுத்த கதை வானொலி. 1952-இல் மத்திய அரசில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதியவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு சுருங்கியது. மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவிய வலிமையான ஒலிபரப்புக் கருவி, போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. 1950-இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர் வந்தார்கள். அஞ்சலட்டையில் பாட்டின் பெயரும், வீட்டில் உள்ள எல்லோர் பெயரும், ஊர்ப் பெயரும் எழுதி அனுப்பினால், என்றோ ஒரு நாள் அது வாசிக்கப்படும். உங்களில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். பாட்டைவிட, தன் பெயரையும் ஊரையும் கேட்கத்தான் பலர் காத்திருந்தார்கள்.

கடைசியில் டெல்லியும் இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதி தொடங்கியது. அதன் தமிழ் ஒலிபரப்பிலும் நேயர் விருப்பம் வந்தது. அந்தக் காலத்தில் இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி தலையா என்ற ஊர், பாட்டுக் கேட்டுக் கடிதம் எழுதியே இந்தியா முழுவதும் பெயர் வாங்கியது. மைக்கா சுரங்கங்களை ஒட்டிய சிற்றூர் அது. வானொலி ஒவ்வொரு நாளும் அதன் பெயரைச் சொன்னதால், வரைபடத்தில் தேடிப் பார்க்காதவர்களுக்கும் அந்த ஊர் தெரிந்தது. இதே காலத்தில் பிபிசி, ஜெர்மனியில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்கும் வீட்டாருக்கும் இடையே விருப்பப் பாட்டுகளைத் தூது அனுப்பிக்கொண்டிருந்தது. உலகம் முழுவதும் விருப்பப் பாட்டு என்பது பாதி இசை, பாதி கடிதம்.

பாட்டுக் கேட்பவருக்குப் பெயர் உண்டு என்பதை வானொலி நிலைநாட்டியது. இராசராசன் கல்வெட்டில் இல்லாதது இதுதான்.

குழாயும் கேசட்டும்

கல்யாணத்துக்கு வருவோம். வாசலில் குழாய் ஒலிபெருக்கி கட்டினால்தான் கல்யாண வீடு என்று ஊருக்குத் தெரியும். செட் போடுபவர் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளோடு வருவார். அரக்குத் தட்டு என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். பெட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் பட்டியல். ஆனாலும் வரிசையில் ஒழுங்கு உண்டு. முதலில் பிள்ளையார் பாட்டு, பெரும்பாலும் சீர்காழி கோவிந்தராஜன் குரலில். பெண் அழைப்புக்குப் 'பாசமலர்' (1961) படத்தில் தோழி மணப்பெண்ணை அழைக்கும் பாட்டு. மருமகள் வீட்டுக்குள் வரும்போது 'சாரதா' (1962) படத்து வரவேற்புப் பாட்டு. அறுபது ஆண்டு தாண்டியும் மண்டபங்களில் இவை ஒலிக்கின்றன. சினிமாப் பாட்டுகள் சடங்குப் பாட்டுகளாகவே மாறிவிட்டன.

1980-களில் கேசட் வந்தபின், பட்டியல் எழுதும் வேலை வாடிக்கையாளர் கைக்கு வந்தது. பஜார் தெருவில் ஒரு ரெக்கார்டிங் கடை. நீங்கள் கோடு போட்ட தாளில் படப் பெயரோடு பாட்டுகளை எழுதிக் கொடுப்பீர்கள். 60 நிமிட கேசட்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு கொள்ளும். பக்கத்துக்கு 30 நிமிடம்தான் என்பதால், கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாமல் வரிசையை மாற்றிப் போடுவது கடைக்காரரின் திறமை. "இதுல இரண்டரை நிமிஷம் மிச்சம் இருக்கு, சின்னதா ஒரு பாட்டு போட்டுடட்டுமா?" என்று அவர் கேட்பார். பெரும்பாலும் அந்தப் பாட்டுதான் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போகும். காப்புரிமைக் கண்ணோடு பார்த்தால் அந்தக் கடைகள் சட்டத்துக்கு வெளியே நின்றவை. ஆனால் விருப்பத்தைக் கேட்டு, நேரத்தை அளந்து, தன் பங்காக ஒன்றைச் சேர்த்துக் கொடுத்த அந்தக் கடைக்காரரைவிடச் சிறந்த விழா ஏற்பாட்டாளரை எங்கே தேடுவது?

இன்றைய ஏற்பாட்டாளர்கள் மூன்று பத்தி போட்டுக் கேட்கிறார்கள்: கட்டாயம் வேண்டியது, முடிந்தால் வேண்டியது, வேண்டவே வேண்டாதது. மூன்றாவதுதான் முக்கியம் என்பார்கள் அனுபவசாலிகள். சமீபத்தில் ஒருவரை இழந்த வீட்டில், அவர் விரும்பிக் கேட்ட பாட்டு மண்டபத்தில் திடீரென்று ஒலித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி நம் படிவம்

இந்தக் கதையிலிருந்து நம் ஆண்டு விழாவுக்குச் சில யோசனைகள்.

முதலாவது, படிவத்தில் பாட்டின் பெயர் மட்டும் போதாது. யார் கேட்கிறார், யாருக்காகக் கேட்கிறார் என்பதற்கும் இடம் வேண்டும். "ஏ பிளாக் தாத்தா ஒருவர் தன் மனைவிக்காகக் கேட்டது" என்று மேடையில் சொல்லிவிட்டுப் பாடினால், அதே பாட்டு வேறு பாட்டாகிவிடும். அஞ்சலட்டைக் காலம் கற்றுக்கொடுத்தது இது.

இரண்டாவது, வீட்டுக்கு ஒரு பாட்டு. மூன்று மணி நேர நிகழ்ச்சியில் பேச்சும் பரிசளிப்பும் போக 25 பாட்டு பாடினாலே அதிகம். எல்லோர் விருப்பமும் அடங்காது. அப்போது என்ன செய்வது? பதில் திருமுக்கூடல் இருக்கும் அதே உத்திரமேரூர் வட்டாரத்தில் கிடைக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆண்டுகளின் உத்திரமேரூர் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. 30 குடும்புகளிலும் தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். எல்லோரும் பார்க்க அந்தக் குடத்தை உயர்த்திக் காட்டுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். நாமும் பாட்டுச் சீட்டுகளை ஒரு குடத்தில் போட்டு, பிளாக்குக்கு இத்தனை என்று குழந்தைகளை விட்டு எடுக்கச் சொல்லலாம். செகரட்டரி தன் நண்பர்கள் பாட்டைச் சேர்த்துக்கொண்டார் என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

ஆனால் குடவோலையில் ஒரு குறை உண்டு. வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தவர் பெயர்தான் குடத்துக்குள் போனது. பல குடியிருப்புச் சங்கங்களின் விதியும் இன்று அப்படித்தான்: வாக்கு வீட்டு உரிமையாளருக்கு. அது சட்ட விஷயம், இருக்கட்டும். பாட்டுக் குடத்துக்கு அந்த விதி வேண்டாம். வாடகைக்கு இருப்பவர்கள், பிள்ளைகளோடு தங்க வந்த பெற்றோர், தெலுங்கும் இந்தியும் மலையாளமும் வங்காளமும் பேசும் வீட்டார் எல்லோர் சீட்டும் அதில் விழ வேண்டும். இரவுக் காவலர்கள், துப்புரவு செய்யும் அம்மாக்கள், தோட்டக்காரர், எலக்ட்ரீஷியன், வீட்டு வேலைக்கு வருபவர்கள் சீட்டும் விழ வேண்டும். நாற்காலி போடுவதும் விழா முடிந்து பெருக்குவதும் அவர்கள்தான். விழாவை ஓரமாக நின்று பார்ப்பதும் அவர்கள்தான். "உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?" என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் இல்லை. ஆகவே யாராவது ஒருவர் நோட்டும் பேனாவுமாக நேரில் போய்க் கேட்க வேண்டும். மருத்துவரை எழுதிய அதே கல்லில் நாவிதரையும் எழுதிய திருமுக்கூடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இந்த அளவாவது செய்யலாம்.

மூன்றாவது, பட்டியலில் மூன்றில் ஒரு பங்கை இசைக்குழுவுக்கே விட்டுவிடுவோம். அவர்களுக்கு எது நன்றாக வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பட்டியலைப் பத்து நாள் முன்னதாகவே கொடுத்துவிட்டால் ஒத்திகை பார்த்து வருவார்கள். பேசிய தொகையை அன்றே கையில் கொடுப்பதும், அவர்களுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பதும் பட்டியலின் ஒரு பகுதிதான். தஞ்சைக் கல்வெட்டில் பாட்டும் நெல்லும் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

நான்காவது, அமைதியும் ஒரு விருப்பம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல், இரவில் 45. கைக்குழந்தை இருக்கும் வீடும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், படுக்கையில் இருக்கும் பெரியவரும் படிவத்தில் "சத்தம் குறைவாக" என்று எழுதினால், அதையும் ஒரு பாட்டுக்குச் சமமாக எண்ண வேண்டும். வேண்டாத பாட்டு என்று ஒரு கட்டமும் படிவத்தில் இருக்கட்டும். காரணம் கேட்க வேண்டாம்.

வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகாதவர்கள், மாட்டுப் பொங்கலன்று திருமுக்கூடல் போய் வாருங்கள். ஐந்து பெருமாளையும் சேவித்துவிட்டு, கோயில் சுவருக்கு அருகில் போய் நின்று அந்தக் கல்வெட்டையும் பாருங்கள். பழைய எழுத்து வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. யாருக்கு என்ன என்று ஒருவரையும் விடாமல் எழுதிவைக்க ஒரு காலத்தில் எவ்வளவு பொறுமையாக உளி பிடித்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

நமக்கு உளி வேண்டாம். படிவம் இன்னும் திறந்திருக்கிறது. வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்காக மெயின் கேட்டிலும் கிளப் ஹவுஸிலும் ஒரு நோட்டு வைக்கும்படி கலை நிகழ்ச்சிக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் பாட்டை எழுதிவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவையும் ஒரு தட்டு தட்டுங்கள்.